எலி தின்ற 11 நாட்கள்

அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த சால்வையை விரித்துப் பிடித்தபோது அதன் ஊடாக அம்மாவின் முகம் தெரிந்தது. உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கடிகள். உதறியபோது நூல் துணுக்குகளோடு எலிப்புழுக்கையும் விழுந்தது.

"பூச்சி உருண்டை போட்டுத்தானே வைத்தேன் பிள்ளை" என்றார் அம்மா. பூச்சி உருண்டை அந்துப்பூச்சிக்கு. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் எலிகள் அதைக் கண்டு அஞ்சுவதாகத் தெரியவில்லை.

அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்காக ஆறு வார விடுமுறையில் பாரிஸிலிருந்து வந்திருக்கிறேன். மார்கழி. திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகிறவர் அம்மா. வாடைக்காற்றுக்குத் தோளில் போட அவருக்கு இந்தச் சால்வை வேண்டும். புதிதாக ஒன்றைப் பின்னுவது இதைத் திருத்துவதைவிட எளிது. ஆனால் இந்தச் சால்வையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேதி உண்டு. எலி தின்றது கம்பளியை மட்டுமல்ல, நாட்காட்டியில் ஒரு துண்டையும் சேர்த்துத்தான்.

2023 ஜனவரியில் பிரான்ஸ் அரசு ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64 ஆக்கப் போவதாக அறிவித்தது. ஜனவரி 19ஆம் திகதி முதலாவது நாடு தழுவிய வேலைநிறுத்தம். பாரிஸ் தமிழர் வாயில் அது 'கிறேவ்'. அன்று என் மெத்ரோ வண்டி காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் ஓடியது. எனக்கு அது கிடைக்கவில்லை. பாரிஸ் புறநகரான லாகூர்னேவிலிருந்து ஹோட்டலுக்கு இரண்டு மணிநேரம் நடந்தேன். நான் அறை துப்புரவு செய்பவள், அதுவும் ஹோட்டலின் ஆள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள். தாமதமாகப் போனதால் என் அறைகளில் பாதியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைய கூலியும் பாதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, கோபத்தில், சாம்பல் நிற நூலில் 44 கண்ணிகளை ஊசியில் ஏற்றினேன்.

ஜெர்மனியில் ஒரு பெண் ரயில் தாமதங்களைச் சால்வையாகப் பின்னிய கதை ஞாபகத்தில் இருந்தது. நானும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். எல்லா வரியும் ஒரே கண்ணியாகப் போகும் எளிய பின்னல், 4 மில்லிமீட்டர் ஊசி. நாளுக்கு நான்கு வரி. நான்கு வரி சரியாக ஒரு சென்டிமீட்டர். வழக்கமான நாள் சாம்பல், நாடு தழுவிய கிறேவ் நாள் சிவப்பு. புரட்சிக்காக எடுத்த சிவப்பு அல்ல அது. பள்ளிக்கூட அறிக்கையில் ஆசிரியை தவறுக்குக் கோடு போடுகிற சிவப்பு. என்னை நடக்கவைத்த நாட்களை எண்ணிவைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஜூன் 6 வரை 139 நாட்கள், அவற்றில் 14 சிவப்பு. இரு முனையிலும் பத்துப் பத்துச் சென்டிமீட்டர் சாம்பல் கரை. அந்த ஆண்டுக் கடைசியில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கணக்கை அவருக்குச் சொல்லவில்லை. "சிவப்புக்கோடு ஏன் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தள்ளியும் வருகிறது, எண்ணத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

இனித் திருத்த வேலை.

முதலில் அளவுநாடாவோடு விறாந்தையில் உட்கார்ந்தேன். கரையை விட்டு எண்ணினால் ஓட்டை 53ஆவது சென்டிமீட்டரில் தொடங்கி 63இல் முடிகிறது. மார்ச் 12 முதல் 22 வரை. கீழே மார்ச் 11இன் சிவப்பும் மேலே மார்ச் 23இன் சிவப்பும் தப்பியிருந்தன. நடுவே 11 நாட்கள், 44 வரி. ஓட்டையை மட்டும் ஒட்டுப்போடலாம்தான். குருநகரில் வலை பொத்துகிறவர்கள் அறுந்த கண்ணிகளை மட்டும் எடுத்துக் கட்டிவிடுவார்கள். வலையில் ஒரே நூல், ஒரே நிறம். குறுக்குக் கோடுகள் ஓடும் சால்வையில் அது வடுவாகத் தெரியும். அந்தப் பகுதியை அகலம் முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகப் பின்னி இடையில் வைப்பதென்று முடிவுசெய்தேன்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு காவல் நூல் ஓட்ட வேண்டும். வெள்ளைத் தையல் நூலை மொட்டை ஊசியில் கோத்து, மார்ச் 11இன் கடைசி வரியில் 44 கண்ணிகளுக்குள்ளும் ஒவ்வொன்றாக விட்டேன். மேலே மார்ச் 23இன் முதல் வரியிலும் அப்படியே. இதைச் செய்யாமல் வெட்டியிருந்தால் வெட்டிய ஓரத்துக் கண்ணிகள் பிடியில்லாமல் கழன்றிருக்கும்.

வெட்டிய பிறகுதான் ஒரு வித்தியாசம் கவனத்துக்கு வந்தது. பின்னல் ஒரு பக்கமாக மட்டுமே ஓடி அவிழும். கீழ்த்துண்டில் நூலை இழுத்தால் வரிவரியாகக் கழன்று கண்ணிகள் அழகாக நின்றன. மேல்துண்டு அப்படியில்லை. ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் நூலை ஊசிமுனையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு காலைப்பொழுது முழுக்க அதற்கே போனது. எண்ணிப் பார்த்தால் 43. திரும்ப எண்ணினேன், 43தான். ஒரு கண்ணியைத் தொலைத்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. பிறகுதான் விளங்கியது. மேல்துண்டின் அடியில் தொங்குபவை உண்மையில் இரண்டு கண்ணிகளுக்கு இடையிலுள்ள வளைவுகள். 44 விரல்களுக்கு இடையில் 43 இடுக்குத்தானே இருக்கும். இரு ஓரத்திலும் அரை அரை வளைவு. எதுவும் தொலையவில்லை.

அடுத்தது நூல். பெட்டியில் ஊசி கொண்டுவந்தேனே தவிர நூல் கொண்டுவரவில்லை. நவீன சந்தைப் பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினேன். கிடைப்பது பள்ளிக்கூடக் கைவேலைக்கு வாங்குகிற செயற்கை வூல், மெல்லிது, மினுமினுப்பானது. சிவப்பில் ஒரு சிறிய உருண்டை வாங்கினேன், வேறு வழியில்லை. சாம்பல் நிறத்துக்கு மட்டும் சால்வையின் கடைசிக் கரையை அவிழ்த்தேன். பத்துச் சென்டிமீட்டர், 40 வரி. எனக்குத் தேவை ஒன்பது சாம்பல் நாட்கள், 36 வரி. கணக்கு இடிக்கவில்லை.

அவிழ்த்த கம்பளி நூல் இடியப்பம் போல் சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும். கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அரைமணி ஊறவைத்து, பிழியாமல் துவாயில் அழுத்தி, கிணற்றடி நிழலில் தொங்கவிட்டேன். அடியில் பாரத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டினேன். மாலைக்குள் நூல் நேராகிவிட்டது. கம்பளியைக் கடும் வெயிலில் போடாதீர்கள். அவசரத்துக்குச் சுடுநீரில் போட்டு உடனே குளிர்நீரில் அலசவும் வேண்டாம். இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து திரண்டுவிடும்.

பின்னத் தொடங்கினேன். மார்ச் 12, 13, 14, மூன்றும் சாம்பல். என் கணக்கில் வழக்கமான நாட்கள். ஆனால் கைகள் அந்த வரிகளைத் திரும்பச் செய்யும்போது மூக்குக்கு வேறு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் பாரிஸின் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்கள் 57 வயதில் ஓய்வு பெறலாம் என்றிருந்ததை 59 ஆக்குவதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. நகரத்தில், அடுத்த சில நாட்களில் 10,000 தொன்னை எட்டிய குப்பை மலைகள். எங்கள் ஹோட்டலின் பின்வாசலில் பைகள் ஆளுயரத்துக்கு நின்றன. நான் கட்டிய பைகளும் அவற்றில் அடக்கம். விருந்தினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தபோது, என் தொழிலும் அந்தக் குப்பை அள்ளுபவரின் தொழிலும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்பது ஒரு கணம் தோன்றியது. அன்று அதைப் பின்னவில்லை. சாம்பல் போட்டேன். இப்போதும் சாம்பல்தான் போட்டேன், பழைய கணக்கை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

"இது என்ன கணக்கு?" என்று அப்போதுதான் அம்மா கேட்டார். சொன்னேன். விறாந்தைக் கட்டிலில் உட்கார்ந்து, வாழைப்பூ ஆய்ந்துகொண்டே கேட்டார்.

ஊரில் ஹர்த்தால் என்றால் கடைகள் பூட்டு, பஸ் இல்லை, வீதியில் நாய்கூட இல்லை. அங்கே நேர்மாறு. தொழிற்சங்க வண்டிகளின் மேல் ஆளைவிடப் பெரிய பலூன்கள், மேளம், பாட்டு, தெருவோரத்தில் இறைச்சிக்குழல் வாட்டும் புகை. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். முதன்முதல் பார்த்தபோது ஏதோ தேர்த்திருவிழா என்றே நினைத்தேன். 'கிறேவ்' என்ற சொல்லே பாரிஸ் நகரமண்டபத்தின் முன்னுள்ள மைதானத்தின் பழைய பெயர். வேலையில்லாதவர்கள் வேலை தேடிக் கூடிநின்ற இடம். வேலை கேட்டு நின்ற இடத்தின் பெயர் வேலையை நிறுத்துவதற்கு ஆகிவிட்டது.

"நீ போனாயா?"

"நடந்தேன் அம்மா. வேலைக்கு."

மார்ச் 15, சிவப்பு. புதிய வூல் வழுக்கியது. மற்றவற்றைவிட மெல்லிதாக இருந்ததால் இரண்டு இழை சேர்த்துப் பின்னினேன். நிறம் பொருந்தியும் பளபளப்புப் பொருந்தவில்லை. பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னினேன், அப்போதும் அப்படித்தான். விட்டுவிட்டேன்.

சிக்கல் மார்ச் 16இல். முழுச் சால்வையிலும் அந்த ஒரு நாள் மட்டும் மஞ்சள். அன்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தினால் தோற்கலாம் என்று கண்ட அரசு, பிரதமர் எலிசபெத் போர்ன் வாயிலாக, அரசியலமைப்பின் 49.3 பிரிவைப் பயன்படுத்தி வாக்கெடுப்பில்லாமலே சட்டத்தைக் கடத்தியது. அன்றிரவு கொன்கோர்ட் சதுக்கத்தில் கூட்டம் கூடித் தீ மூட்டியது. 1793இல் மன்னன் தலை விழுந்த இடம் அது. கில்லட்டின் அருகே ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் பெண்களுக்குத் 'திறிக்கொத்தேஸ்' என்று பெயர், பின்னற்காரிகள். ஹோட்டலில் என்னோடு வேலைசெய்யும் மாலி நாட்டுப் பெண் மதிய இடைவேளையில் என் கையில் ஊசியைப் பார்த்துவிட்டு அப்படித்தான் கேலி செய்வாள். அன்றைக்குச் சிவப்பும் பொருந்தவில்லை, சாம்பலும் பொருந்தவில்லை. கையில் இருந்த கடுகு மஞ்சளைப் போட்டேன்.

அந்த மஞ்சள் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. அம்மா எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே வெள்ளை வூல், குழந்தைத் தொப்பி பின்னுகிற மூன்றிழை நூல், பழுப்பேறிய இரண்டு உருண்டைகள். தொட்டதுமே தெரிந்தது, உண்மைக் கம்பளி.

அந்த டின் எனக்குத் தெரியும். 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் அப்பா இருந்தார், கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் எழுதுவினைஞர். ஜே. ஆர். ஜெயவர்தனா அரசு, வேலைக்கு வராதவர்கள் பதவியை விட்டு விலகியதாகக் கணக்கு வைத்துக்கொண்டு ஏறத்தாழ 40,000 பேரை நீக்கியது. அப்பா ஊருக்கு வந்தார். அம்மா தொப்பியும் காலுறையும் பின்னி, பிள்ளை பிறந்த வீடுகளுக்கு விற்றார். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் வெளியேறியபோது அந்த டின்னும் எங்களோடு சாவகச்சேரிக்குப் போய் வந்தது. அடியில் காணி உறுதி, மேலே வூல். யாராவது திறந்தாலும் கிழவியின் கைவேலை என்று மூடிவிடுவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

எங்கள் வீட்டில் வேலைநிறுத்தம் என்ற சொல் ஒரு வசவு. "முந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு இருந்ததையும் விட்டவர்" என்று அம்மா அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரான்சுக்குப் போன முதல் ஆண்டிலேயே கிறேவைக் கண்டால் எனக்கு எரிச்சல் வந்ததற்கு மெத்ரோ மட்டும் காரணமாக இருக்க முடியாது.

வெள்ளை நூலில் ஆறு மீட்டர் வெட்டினேன். ஒரு வரிக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், நான்கு வரி, இரட்டை இழை. அரை லீட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து, ஈரமாக்கிய நூலைப் போட்டு, கொதிக்கவிடாமல் சிறுதீயில் இருபது நிமிடம் வைத்து, சட்டியிலேயே ஆறவிட்டேன். கம்பளி மஞ்சளை ஆவலோடு பிடித்துக்கொள்ளும், படிகாரம்கூடத் தேவையில்லை. வெயில் பட்டால் வெளிறும், அது ஒன்றுதான் குறை. எடுத்துப் பார்த்தபோது கடுகு மஞ்சளுக்கு மிக அருகில் இருந்தது.

அன்று பின்னேரம் நான் கடைக்குப் போய் வருவதற்குள் அம்மா அதைச் சலவைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கியிருந்தார். "மஞ்சள் மணம் போகட்டும் என்றுதான்" என்றார். கொடியில் தொங்கியது செங்கல் நிறம். அரசாங்கத்தின் நாள் கிறேவ் நாளாகிவிட்டது. நான் வாயடைத்து நிற்க, அம்மாவுக்குச் சிரிப்பு. "ஆலாத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்காதா? அதுதான் இது. தேசிக்காய் கொண்டு வா." ஒரு கோப்பை நீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து நூலை அமிழ்த்தினார். கண்முன்னே சிவப்புக் கரைந்து மஞ்சள் திரும்பியது. சவர்க்காரமும் சுண்ணாம்பும் காரம், தேசிப்புளி அமிலம், மஞ்சளுக்கு இரண்டுக்கும் இரண்டு முகம். இந்தச் சால்வையை இனிச் சாம்பூவில்தான் அலச வேண்டும் என்று அலுமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் மார்ச் 17இலிருந்து 22 வரை, ஒரே மூச்சில் சாம்பல். 20ஆம் திகதிக்கு வந்தபோது அரசு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்பது வாக்குகளில் தோற்றதைச் சொன்னேன். 23ஆம் திகதிக் கிறேவுக்குப் பிறகு இங்கிலாந்து மன்னர் சார்ள்ஸ் தன் பாரிஸ் வருகையை ஒத்திவைத்ததையும் சொன்னேன். அம்மாவுக்கு ராசா கதை பிடித்தது. ஏப்ரலில் சனாதிபதி சட்டத்தில் கையெழுத்திட்டதையும், 2025 அக்டோபரில் பிரதமர் லெகோர்னு அதை 2027 சனாதிபதித் தேர்தல் முடியும்வரை நிறுத்திவைப்பதாக அறிவித்ததையும் சொன்னேன். எங்களைப் போன்ற ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள் பத்திஞோல் பகுதி ஹோட்டல் ஒன்றில் 2019 ஜூலை தொடங்கி 22 மாதம் போராடிச் சம்பள உயர்வு வாங்கினார்கள் என்பதையும், அவர்களில் ஒருவரான றஷெல் கேகே 2022இல் பாராளுமன்றத்துக்கே தெரிவானார் என்பதையும் சொன்னேன்.

அம்மா கேட்டது வேறு. "கிறேவ் செய்தவர்களை மறுநாள் வேலைக்கு எடுத்தார்களா?"

"எடுத்தார்கள். 1946 முதல் அவர்களுடைய அரசியலமைப்பிலேயே அந்த உரிமை இருக்கிறது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்."

"அந்த ஒரு நாள் சம்பளம் மட்டுமா?"

"அந்த ஒரு நாள் சம்பளம் மட்டும்."

அம்மா வாழைப்பூ மடல்களைச் சுளகில் தள்ளிவிட்டு உள்ளே போனார். இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. அப்பா இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன.

இணைக்கும் வேலையைச் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் செய்தேன். 43 வரிதான் பின்ன வேண்டும். 44ஆவது வரியை மொட்டை ஊசியால் தைத்து உருவாக்க வேண்டும். கீழ்க்கண்ணி ஒன்றில் உள்ளிருந்து வெளியே, மேல் வளைவு ஒன்றுக்குள் நுழைந்து அடுத்ததால் வெளியே, திரும்பக் கீழே. நூல் போகிற பாதை பின்னல் நூலின் பாதையே. இறுக்கினால் தழும்பு, தளர்த்தினால் பல்லிளிப்பு. பத்துக் கண்ணிக்கு ஒருமுறை நிறுத்தி, ஊசிமுனையால் நூலை இழுத்துச் சமப்படுத்தினேன். இரண்டு மணிநேரம். முடிந்ததும் ஈரத்துணி போட்டு, தொட்டும் தொடாமலும் இஸ்திரிப்பெட்டியின் ஆவி காட்டினேன். மார்ச் 22க்கும் 23க்கும் நடுவே இணைப்பு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

கடைசி முனை மிஞ்சியது. கரையை அவிழ்த்துவிட்டதால் சால்வை இப்போது ஜூன் 6இன் சிவப்போடு நின்றது, 44 கண்ணிகளும் ஊசியில் திறந்தபடி. மூடி முடிக்கச் சாம்பல் நூல் ஒரு முழம்தான் இருந்தது. நான்கு வரி மிஞ்சும் என்று போட்ட கணக்கில், எலி கடித்து இற்றுப்போயிருந்த இடங்களை வெட்டி எறிந்ததைச் சேர்க்க மறந்துவிட்டேன். டின்னைத் திறந்து அம்மாவின் வெள்ளை வூலில் மூடினேன்.

கண்ணில் மறைப்போடு கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் மடியில் வைத்தேன். விரல்களால் முனையிலிருந்து தடவிக்கொண்டே போனார். இணைப்பின் மேல் விரல் நிற்காமல் போனது. பிறகு திரும்பி வந்து ஓரிடத்தில் நின்றது, மார்ச் 15.

"இது வேறு நூல்."

"சந்தை வூல் அம்மா. பிரித்து மாற்றவா?"

"வேண்டாம்" என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் கோயிலுக்கு எத்தனை மணிக்கு எழுப்புவாய்?"

இரண்டு வாரத்துக்குக் குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருப்பதை நினைவூட்டினேன். கேட்டதாகத் தெரியவில்லை.